மண்டபத்துக்கு ஏன் போவதில்லை? தெரபிஸ்ட் தேடி அலைந்த கணக்கு

போன வருடம் வைகாசியில் சித்தி மகள் கல்யாணம். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டேன். எனக்கு வந்த கல்யாணக் காய்ச்சல்களை எண்ணினால் தனியாக ஒரு ஃபைலே போடலாம்.

போகாததற்குக் காரணம் இரண்டு. முதலாவது, மண்டபம். தவில், நாதஸ்வரம், மைக்கில் யாரோ யாரையோ மணமேடைக்குக் கூப்பிடுவது, வாசலில் ஜெனரேட்டர், மல்லிகையும் சென்ட்டும் சாம்பாரும் கலந்த வாசனை, கழுத்தில் உரசும் ஜரிகை. அரை மணி நேரம் தாண்டினால் எனக்குப் பேச்சு வராது. “என்னம்மா, ஒரு மாதிரியா இருக்கே?” என்று கேட்பவர்களுக்குச் சிரிப்பை மட்டும் காட்டிவிட்டு பாத்ரூமைத் தேடிப் போவேன். இரண்டாவது, எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

எனக்கு 39 வயது. டெல்டா பக்கம் ஓர் ஊரில், ஆடிட்டர் ஆபீஸில் வேலை. 37 வயதில் ஏடிஎச்டி என்று தெரிந்தது, அதாவது கவனம் ஓர் இடத்தில் நிற்காத மூளை. கொஞ்ச நாளில் ஆட்டிசமும் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேடு 2013-ல்தான் ஒப்புக்கொண்டது. அதற்கு முன் ஆட்டிசம் என்று எழுதினால் ஏடிஎச்டி எழுதக் கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் எனக்குக் கிடைத்த பெயர் “சோம்பேறி”.

சரி, இனி தெரபிக்குப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். யாரிடம் போவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் ஒன்றரை வருடம் நாலைந்து வாசல் ஏறி இறங்கினேன். ஏறிய இடத்தில் எல்லாம், நேராகவோ சுற்றியோ, ஒரே கேள்வியைத்தான் போட்டுப் பார்த்தேன்: நான் ஏன் மண்டபத்துக்குப் போவதில்லை?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய பயத்தால் ஓர் இடத்தைத் தவிர்த்தால், அந்த நினைவைப் பக்குவமாகக் கையாண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்தை நெருங்குவதுதான் வைத்தியம். சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் தவிர்த்தால் அதே வைத்தியம் கெடுதல் செய்யும். ஆட்டிசம் உள்ள பலருக்குத் திரும்பத் திரும்பப் போனாலும் தவில் பழகுவதில்லை, உடம்புதான் களைத்துப் போகிறது. அவர்களுக்கு வேண்டியது காதடைப்பானும், வாசல் பக்கத்து நாற்காலியும், சீக்கிரம் கிளம்ப அனுமதியும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே “கல்யாணத்துக்கு வர மாட்டேங்குறா”தான். உள்ளே எதிரெதிர் மருந்து.

“ட்ராமா இன்ஃபார்ம்ட்”, “நியூரோ அஃபர்மிங்” என்று தெரபிஸ்ட்டுகளின் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் இப்போது சேர்த்தே எழுதுகிறார்கள். முதலாவது ஒரு சிகிச்சை முறை கிடையாது, மனக்காயம் பட்டவரிடம் நடந்துகொள்ளும் விதம். அமெரிக்காவின் சாம்சா என்ற அரசு அமைப்பு 2014-ல் வெளியிட்ட ஆவணத்தில் அதற்கான அடிப்படைகளைச் சொன்னது. பாதுகாப்பு, ஒளிவுமறைவின்மை, வந்தவரோடு சேர்ந்து முடிவெடுப்பது, மறுபடி காயப்படுத்தாமல் இருப்பது என்று அந்தப் பட்டியல் போகும். இரண்டாவது, உன் மூளை பழுதான மூளை இல்லை, வேறு மாதிரியான மூளை, அதைத் தட்டி நேராக்குவது என் வேலை இல்லை என்ற நிலைப்பாடு. இரண்டுமே நல்ல வார்த்தைகள். ஆனால் யார் வேண்டுமானாலும் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. கேட்டுப் பார்க்கக்கூடியது ஆர்சிஐ எண். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகளின் பெயர் இருக்கும். கவுன்சிலர் என்று பலகை மாட்டியிருப்பவர்கள் எல்லோருக்கும் அது இருக்காது. அதனாலேயே அவர்கள் மோசம் என்று சொல்ல வரவில்லை. என்ன படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மனநல மருத்துவர்

முதலில் ஏறிய வாசல் இதுதான். இதைப் பலர் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள், “மாத்திரை வேண்டாம், பேசினால் போதும்” என்று. ஏடிஎச்டி இருந்தால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மருந்து எழுத முடிந்தவர் மருத்துவர் மட்டுமே, சைக்காலஜிஸ்ட்டால் முடியாது. எனக்கு மெத்தில்ஃபெனிடேட் எழுதினார்கள். அது ஷெட்யூல் எக்ஸ் மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் எடுத்து வைத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் இருக்கும் மெடிக்கலில் கேட்டபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பஸ் ஏறிப் பெரிய ஊரில்தான் வாங்கினேன்.

மருந்து வேலை செய்தது. மூன்றாம் வாரம் என் மேஜையில் ஜிஎஸ்டி ஃபைல்கள் தேதிவாரியாக அடுக்கியிருந்ததைப் பார்த்து ஆடிட்டர் சாருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மட்டும் மாத்திரை போட்டதே தெரியாது. ஏடிஎச்டி உள்ள பல பெண்கள் இதைச் சொல்கிறார்கள். தேதியைக் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்போதும் உஷாராகவே இருக்கும் உடம்பு என்றால் இந்த மருந்தில் படபடப்பு கூடலாம், அதையும் முதல் மாதமே சொல்லிவிட வேண்டும்.

மண்டபக் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. இருக்கவும் முடியாது, எனக்குக் கிடைத்தது எட்டு நிமிடம், பின்னால் வரிசை. ஆனால் மருந்து இல்லாமல் தெரபிக்குப் போயிருந்தால் பாதி நாள் அப்பாயின்ட்மென்ட்டையே மறந்திருப்பேன். செலவைப் பொறுத்தவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் பார்ப்பது இலவசம். காலை ஓபி நேரத்துக்குள் போய்விட வேண்டும்.

அம்மாவைக் கூட்டிட்டு வாங்க

ஏடிஎச்டி என்று உறுதி செய்ய 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்ததா என்று பார்க்க வேண்டும். ஆட்டிசத்துக்கும் சின்ன வயது விவரம் வேண்டும். அதனால் அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்வார்கள். சாதாரணக் குடும்பத்தில் சாதாரண வேண்டுகோள். காயம் வீட்டுக்குள்ளேயே நடந்திருந்தால், அம்மாவுக்குத் தெரிந்தும் பேசாமல் இருந்திருந்தால், அது சாதாரண வேண்டுகோள் இல்லை.

ஓர் இடத்தில் நான் வேண்டாம் என்றதும், “அப்ப வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க” என்றார்கள். வயதுக்கு வந்த பெண் தன் சிகிச்சைக்கு யார் அனுமதியையும் கொண்டுபோகத் தேவையில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கக் கேட்கும் உரிமை இருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நம் மருத்துவக் குறிப்புகளை நாமே கேட்டு வாங்கவும் உரிமை உண்டு. இதை எல்லாம் அங்கே எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த இடத்தில் இருந்த அம்மா வேறு மாதிரி. “பழைய ரேங்க் கார்டு ஏதாவது வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். பரணில் இருந்த தகரப் பெட்டியில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை இருந்தது. கையெழுத்து மாறியிருக்கிறது, மை மாறியிருக்கிறது, டீச்சர் மாறியிருக்கிறார், குறிப்பு மட்டும் மாறவில்லை: “படிக்கக்கூடிய பெண். கவனம் இல்லை.” ஐந்தாம் வகுப்பில் மட்டும் கூடுதலாக “யாருடனும் சேர்வதில்லை.” அந்த அட்டைகளோடு என் அண்ணனிடம் போனில் ஒரு மணி நேரம் பேசி முடித்துவிட்டார். வந்தவளின் நிலைமைக்குத் தகுந்தபடி வழியை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் அவர். அவருடைய பலகையில் அந்த இரண்டு வார்த்தைகளும் கிடையாது.

சான்றிதழ் நினைப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, ஏடிஎச்டி இல்லை. ஆட்டிசத்துக்குப் பயன்படும் ஐசா அளவுகோலில் 40 கூற்றுகள், 70 மதிப்பெண்ணிலிருந்துதான் கணக்கு. அது பெரும்பாலும் வெளியே தெரிவதை வைத்து மதிப்பெண் போடும். கண்ணைப் பார்த்துப் பேசுவதை நாற்பது வருடம் ஒத்திகை பார்த்து வைத்திருக்கும் பெண் அதில் தேறுவது சிரமம் என்பது என் எண்ணம். அதற்காக அலைவதா வேண்டாமா என்பதைத் தெரபி விஷயத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பக்கத்து ஊர் சைக்காலஜிஸ்ட்

ஸ்கூட்டியில் இருபது நிமிடம், ஒரு தடவைக்கு 1,200 ரூபாய், முழுக்கத் தமிழில் பேசலாம். சிபிடி முறை. எண்ணத்தை எழுது, அதற்கு ஆதாரம் என்ன என்று பார், வேறு எப்படி நினைக்கலாம் என்று எழுது. முறையைக் குறை சொல்ல மாட்டேன், உலகம் முழுக்க ஆராய்ந்து பார்க்கப்பட்ட முறை. எனக்குச் சிக்கல் வீட்டுப்பாடத்தில் வந்தது. அட்டவணை போட்ட தாளை மூன்று தடவை தொலைத்தேன். நான்காவது தடவை அவர் குறிப்பேட்டில் எழுதியதைத் தலைகீழாகவே படித்துவிட்டேன்: “ஒத்துழைப்பு குறைவு.” ஏடிஎச்டிக்காக வந்தவளிடம் தாளைத் தொலைத்தாய் என்று சொல்வது, காய்ச்சலோடு வந்தவனிடம் உடம்பு ஏன் சுடுகிறது என்று கோபப்படுவது போல.

அறையில் ட்யூப் லைட் ஒன்று ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அணைக்கலாமா என்று கேட்டேன். “அதைக் கவனிக்காம இருக்கப் பழகணும், மேடம்” என்றார். மண்டபக் கேள்விக்கும் அதே பதில்: முதல் வாரம் மண்டப வாசல் வரை, அடுத்த வாரம் பத்து நிமிடம், அதற்கடுத்து அரை மணி. பெரியவர் விஷயத்தை நான் சொல்லவில்லை. ட்யூப் லைட்டையே அணைக்காதவரிடம் அதை எப்படிச் சொல்வது? கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். கண்ணை மூடினால் எனக்குப் பயம் கூடும் என்பதையும் சொல்லவில்லை. ஐந்து தடவையோடு நிறுத்திக்கொண்டேன்.

சிபிடியையே ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் செய்யலாம். கேள்வியை நேரடியாகக் கேட்பது, எழுதிக் காட்டுவது, நேரத்தைக் கூட்டிக் குறைப்பது, வீட்டுப்பாடத்தை வாய்ஸ் நோட்டாக வாங்கிக்கொள்வது. அப்படிச் செய்கிறவர் பக்கத்து ஊரில் இருந்தால் வேறு எங்கும் போக வேண்டாம்.

ஆன்லைனில் ஒருவர்

பெங்களூரில் இருக்கும் தமிழ்க்காரப் பெண். தனக்கும் ஏடிஎச்டி என்று முதல் நாளே சொல்லிவிட்டார். 50 நிமிடத்துக்கு 1,500. கேமராவை அணைத்துவிட்டுப் பேசலாம், பேச வராத நாளில் டைப் செய்யலாம், கையில் எதையாவது உருட்டிக்கொண்டே இருக்கலாம். அந்த முதல் மாதம் நான் அழுதது துக்கத்தால் இல்லை.

வசதிக்கு ஒரு விலை உண்டு. கூட்டுக் குடும்பத்தில் ஆன்லைன் தெரபிக்கு இடம் எங்கே? ஹாலில் அத்தை சீரியல் பார்ப்பார், எங்கள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. ஆபீஸ் முடிந்ததும் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஆறரை மணிக்குப் பேசுவேன். சிக்னல் இரண்டு கோடு. மழைக்காலத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து கிசுகிசுப்பேன். காயம் தந்தவரே அதே வீட்டில் இருந்தால் இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒட்டுக்கேட்க முடியாத அறை இல்லாமல் பாதுகாப்பு என்று பேசுவதில் அர்த்தம் இல்லை.

மொழியும் யோசிக்க வேண்டியதுதான். அவரோடு பாதி ஆங்கிலம் கலந்துவிடும். ஆங்கிலத்தில் எதையும் சொல்லிவிடலாம், சுடாது. “பவுண்டரி” என்று சொல்வது எளிது. அதையே அத்தையிடம் “இல்லத்த, நான் வரல” என்று எப்படிச் சொல்வது என்பதுதான் என் பிரச்சினை. ஆங்கிலத்தில் தேறி, தமிழில் ஃபெயிலாகிக்கொண்டிருந்தேன். பிறகு அவரே அந்த வாக்கியங்களைத் தமிழில் சொல்லிப் பார்க்க வைத்தார்.

மண்டபக் கேள்விக்கு அவர் பதில்: “போகணும்னு என்ன கட்டாயம்? உங்க உடம்பு சொல்றதை மதிங்க.” முப்பது வருடமாகக் கேட்க ஆசைப்பட்ட பதில். ஆறு மாதம் அந்த நிழலில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பெரியவர் பேச்சையே நான் எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மூளையின் அமைப்பு என்று ஒரு காரணம் கிடைத்ததும் அதற்குள் பெரியவரையும் ஒளித்து வைத்துவிட்டேன். ஒரு நாள் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதுக்கு நான் ட்ரெயினிங் எடுக்கலை. தெரியாத நான் இதைத் தொடக் கூடாது. தெரிஞ்சவங்களைச் சேர்ந்து தேடலாம்” என்றார். நான் ஏறிய வாசல்களில் கேட்ட வாக்கியங்களிலேயே உருப்படியானது இதுதான்.

காயத்துக்கு என்றே ஒருவர்

இஎம்டிஆர் என்பது ஃபிரான்சின் ஷாப்பிரோ 1980-களின் கடைசியில் உருவாக்கிய முறை. தொந்தரவு தரும் நினைவை மனதில் வைத்துக்கொண்டே கண்ணை இடமும் வலமும் அசைப்பது. கேட்டால் மந்திரம் போலத் தோன்றும், எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பிடிஎஸ்டி, அதாவது பழைய அதிர்ச்சி விடாமல் துரத்தும் நிலை, உள்ள பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த முறைகளில் இதுவும் ஒன்று. காயத்தை மையமாக வைத்த சிபிடியும் அதில் உண்டு. நடந்ததை ஒன்று விடாமல் வாயால் சொல்லத் தேவையில்லை என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

சென்னைக்குப் போய் வர வேண்டும், ஒரு தடவைக்கு 2,500, ரயில் செலவு தனி. அந்த அம்மா முதல் மூன்று வாரம் நினைவுப் பக்கமே போகவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு நிதானத்துக்கு வருவாய் என்று மட்டும் பழக்கினார். எடுத்த எடுப்பில் “என்ன நடந்தது, சொல்லு” என்று தோண்டுகிறவரிடமிருந்து ஓடிவிடுங்கள் என்பேன்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. “இப்ப அது உடம்புல எங்க தெரியுது?” என்று கேட்பார். எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. பசிக்கிறதா, பயமா என்பதே எனக்குத் தாமதமாகத்தான் புரியும். ஆட்டிசம் உள்ள பலருக்கு இப்படி உண்டு, அலெக்ஸிதைமியா என்று பெயர். அவர் அதை மனம் மூடிக்கொள்வதாக எடுத்துக்கொண்டார். ஆன்லைன் தெரபிஸ்ட்டிடம் சொன்னேன். என் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு இருவரும் ஒரு முறை பேசினார்கள். அடுத்த தடவையிலிருந்து கேள்வி மாறியது: “கை சூடா, ஜில்லுனா? தொண்டை இறுகுதா, இல்லையா?” அது எனக்குத் தெரியும். கண் அசைவுக்குப் பதில் இரண்டு கையிலும் மாறி மாறி அதிரும் சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்தார்.

மண்டபக் கேள்விக்கு அவர் நினைத்த பதில், பெரியவர் விஷயம் சரியானால் மண்டபமும் சரியாகும் என்பது. எட்டு தடவை முடிந்த பிறகு தாத்தா திதி வந்தது. வீட்டில், அமைதியான காலை வேளை. அந்தப் பெரியவர் வந்திருந்தார். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து நான் பாட்டுக்கு வாழைக்காய் நறுக்கினேன், கை நடுங்கவில்லை. அதே மாதம் ஆபீஸ் பெண் ஒருத்தியின் ரிசப்ஷன், அவருக்குச் சம்பந்தமே இல்லாத இடம். டிஜே பாக்ஸுக்கு முன்னால் இருபது நிமிடத்தில் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அன்றைக்குத்தான் கணக்கு பிரிந்தது. ஒன்று ஆறும், மற்றது ஆற வேண்டிய புண்ணே இல்லை.

கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் டிபிடி முறையையும் சிலர் சொன்னார்கள். மார்ஷா லைன்ஹன் உருவாக்கியது, பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்று பெயர் சூட்டப்பட்டவர்களுக்குப் பெரிதும் பயன்படுவது. ஆட்டிசமும் ஏடிஎச்டியும் பிந்தித் தெரியவந்த பெண்கள் பலருக்கு முதலில் கிடைத்த பெயர் அதுதான் என்பதால் இது காதில் விழுந்துகொண்டே இருக்கும். கொந்தளிப்பைத் தாங்கும் பயிற்சிகள் உருப்படியானவை. முழுத் திட்டம் ஓராண்டு அளவுக்கு நீளும், வாராவாரம் குழு வகுப்பு. குழு என்றதும் நான் பின்வாங்கிவிட்டேன்.

14416 பற்றி: டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். ஒரு கெட்ட இரவைத் தாண்ட நல்ல துணை. அதையே தொடர் தெரபியாக வைத்துக்கொள்ள முடியாது. வீட்டுக்குள்ளேயே அடி, மிரட்டல் நடக்கிறது என்றால் முதலில் பெண்கள் உதவி எண் 181, தெரபிஸ்ட் தேடுவது அதற்குப் பிறகு.

காயம், மூளையின் அமைப்பு இரண்டும் தெரிந்த ஒருவர் கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். எனக்குத் தெரிய வந்த இரண்டு மூன்று பேரிடம் காத்திருப்புப் பட்டியல் நாலு மாதம், பேச்சு முழுக்க ஆங்கிலம். அதற்காகக் காத்திருப்பதைவிட, தன் எல்லை தெரிந்த இரண்டு பேரைப் பிடித்து அவர்களைப் பேச வைப்பது மேல் என்று எனக்குப் படுகிறது. இப்போது மருந்துக்கு மாதம் ஒரு முறை மருத்துவர், பதினைந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர்த் தொட்டி. சென்னை முடிந்துவிட்டது, தேவைப்பட்டால் திரும்பப் போகலாம் என்று அந்த அம்மா கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்.

புதிதாக யாரையாவது பார்ப்பதற்கு முன் இப்போது வாட்ஸ்அப்பில் மூன்று கேள்வி அனுப்புகிறேன். லைட்டை அணைக்கச் சொல்லலாமா? நீங்கள் சொல்லும் பயிற்சியை மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? வீட்டில் யாரையும் கூப்பிடாமல் பார்க்க முடியுமா? போன மாதம் தோழி ஒருத்திக்காக இரண்டு பேருக்கு அனுப்பினேன். ஒருவர் “நேர்ல வாங்க மேடம், பேசிக்கலாம்” என்றார். இன்னொருவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் போட்டு, கடைசியில் “அறையில் ஏசி சத்தம் கொஞ்சம் இருக்கும், ஃபேன் மட்டும் போடலாமா?” என்று கேட்டிருந்தார். தோழி அவரிடம்தான் போகிறாள்.

ஆவணியில் சித்தி மகன் கல்யாணம். ரிசப்ஷனுக்கு மட்டும், நாற்பது நிமிடம், காட்டன் புடவை, காதில் அடைப்பான், மொய்க் கவரை நுழைந்ததும் கொடுத்துவிடுவது என்று திட்டம். அந்தப் பெரியவர் வருகிறாரா என்று சித்தியிடம் நேராகவே கேட்டேன். வருகிறாராம். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. காய்ச்சல் வருமா என்று இப்போது சொல்ல முடியாது.